சேராத வேலைக்கு ஒரு விடுவிப்புக் கடிதம்

சைக்காலஜி படிக்கப் போகிறேன் என்று நான் வாய் திறந்த நாளிலிருந்து ஊரில் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அப்படின்னா நான் இப்ப மனசுல என்ன நெனைக்கிறேன், சொல்லு பாப்போம்." கீழப்பழுவூர் பஸ் ஸ்டாப்பில் பூ கட்டும் அக்கா கேட்டாள். ரேஷன் கடையில் எடை போடுகிறவர் பருப்புப் பையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் என் அப்பா, வாரத்தில் ஒருநாள் வீட்டுக்கு வருகிறவர், அவரும் கேட்டார். ஏதோ தான்தான் முதன்முதலாகக் கண்டுபிடித்த வேடிக்கை மாதிரி ஒவ்வொருவரும் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். முதல் பத்துப் பேருக்கு நானும் சிரித்தேன். பிறகு எரிச்சல் வந்துவிட்டது. "இவளுக்கு வேற பொழப்பு இல்லைன்னு நெனைக்கிறீங்க" என்று சொல்ல ஆரம்பித்தேன். பெரும்பாலும் அது சரியாகவே இருந்தது.

அம்மா மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. என் படிப்பின் அருமை தெரிந்தவள் வீட்டில் அம்மா ஒருத்திதான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ப்ளஸ் டூ முடித்ததுமே நான் காலேஜில் சேர்ந்திருக்க வேண்டியவள். அந்த வருடம்தான் அம்மா படுத்துவிட்டாள். ரத்தசோகை என்று சொன்னார்கள். ஐந்து மாதம் எழுந்து அடுப்புப் பக்கம் வரவில்லை. குளிக்கச் சொன்னால் நாளைக்கு என்பாள். அப்பா லாரியோடு போய்விடுவார். வீட்டைப் பார்க்க ஆள் வேண்டும், அப்புறம் வருமானமும் வேண்டும் என்று என் மார்க் ஷீட்டை பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். காலையில் சமைத்து வைத்துவிட்டு அரியலூரில் ஒரு ஜவுளிக்கடையில் போய் நின்றேன். இரண்டு வருடம் நைட்டி மடித்தேன். மடித்ததை வாடிக்கையாளர் கலைப்பார், மறுபடி மடிக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் காலேஜ் பையோடு கடைக்குள் வரும்போது ஸ்டாக் எடுக்கிற சாக்கில் மாடிக்குப் போய்விடுவேன்.

அம்மா கொஞ்சம் தேறி அடுப்பைத் திரும்பவும் பார்க்க ஆரம்பித்த பிறகு, அரியலூரில் ஒரு சமுதாயக் கல்லூரி இருப்பதைக் கேள்விப்பட்டேன். காலேஜ் என்றதும் பெரிய கட்டடம், மரம், மைதானம் என்று யாரும் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு சிமெண்ட் கடைக்கு மேலே நான்கு அறை. சொல்லிக்கொடுப்பது பட்டம் அல்ல, ஒரு வருட டிப்ளமோ. தையல், கம்ப்யூட்டர், ஹெல்த் அசிஸ்டென்ட். படிப்பை விட்டவர்கள், கல்யாணமாகித் திரும்பி வந்தவர்கள், என்னை மாதிரிக் கடையில் நின்றவர்கள், இவர்களுக்கென்று ஏற்பட்ட இடம். முடித்ததும் வேலை நிச்சயம் என்று வாசலில் பெயிண்டில் எழுதியிருக்கும். நான் ஹெல்த் அசிஸ்டென்டில் சேர்ந்தேன். பி.பி. பார்க்க, கட்டுப் போட, நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க, மாத்திரையின் பெயரைப் படித்து வேளைக்குக் கொடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மாத்திரையை அட்டையிலிருந்து உரித்து டப்பாவில் கொட்டி வைக்கக் கூடாது என்பது அங்கே முதல் மாதப் பாடம். பெயர் தெரியாமல் போகும், தேதி தெரியாமல் போகும்.

அன்று மாலையே வீட்டுக்கு வந்து அம்மாவைத் திட்டினேன். அவள் பழைய கால்சியம் பாட்டில் ஒன்றில் மாத்திரைகளை உரித்துக் கொட்டி வைத்திருப்பாள்.

"இப்படி வைக்கக் கூடாதும்மா. காத்துப் பட்டா வீணாப் போயிரும்."

"கால்சியம்தானே, போனாப் போவுது" என்றாள்.

அந்தக் கால்சியம் பாட்டில் இரண்டு வருடமாகத் தீரவே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் காற்றும் ஈரமும்தான். ஏன் உரித்து வைக்கிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

படிப்பின் பாதியில் எங்களை அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். புதன்கிழமைகளில் எனக்கு மனநலப் பிரிவில் வேலை. வேலை என்றால் டோக்கன் கொடுப்பது, எடை பார்ப்பது, வரிசையைப் பார்த்துக்கொள்வது. அங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். வருகிறவர்களில் அரியலூர்க்காரர்கள் அநேகமாக யாருமே இல்லை. ஜெயங்கொண்டத்திலிருந்து வந்தார்கள், உடையார்பாளையத்திலிருந்து வந்தார்கள், பெரம்பலூரிலிருந்துகூட வந்தார்கள். அரியலூர்க்காரர்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்டால், பெரம்பலூருக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறிவிடுகிறார்களாம். சொந்த ஊரில் இந்த மாத்திரையை யாரும் வாங்குவதில்லை. வாசலில் தெரிந்த முகம் தட்டுப்பட்டால் டோக்கனைக் கசக்கிப் போட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெயில் இல்லாத நாளிலும் முந்தானை தலையில் இருக்கும். வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தீர்கள் என்று கேட்டால், கல்யாணப் பத்திரிகை வைக்க, கண் டாக்டரைப் பார்க்க, தங்கச்சி வீட்டுக்கு என்று ஆளுக்கொரு பதில் வரும்.

அந்தப் பிரிவில் கவுன்சிலராக ஒரு மேடம் இருந்தார். அவர் எதிரில் போய் உட்கார்ந்தவர்கள் கால் மணி நேரத்தில் முந்தானையைத் தலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதட்ட மாட்டார், தட்டிக் கொடுக்கவும் மாட்டார், கேட்பார், அவ்வளவுதான். எனக்கு அது பிடித்துப் போயிற்று. வாழ்க்கையில் எதையாவது செய்தால் இதைத்தான் செய்ய வேண்டும் என்று தோன்றியது. நைட்டி மடித்த கைக்கு இது பேராசைதான். ஆனாலும் கேட்டேன்.

"இதுக்கு என்ன மேடம் படிக்கணும்?"

"மொதல்ல பி.எஸ்சி. சைக்காலஜி. திருச்சில ஒரு காலேஜ்ல டிப்ளமோ முடிச்சு வர்றவங்களுக்குன்னு ஒரு சீட் வச்சிருக்காங்க. நீங்க டிப்ளமோல படிச்சதுல ரெண்டு பேப்பரக் கணக்குல எடுத்துக்குவாங்க. ஒரே ஒரு சீட்தான். ட்ரை பண்ணுங்க."

அந்த ஒரு சீட் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மற்றவர்கள் ஹெல்த் அசிஸ்டென்ட் பரீட்சைக்குப் படித்தபோது நான் அதையும் படித்து, அந்தச் சீட்டுக்கான நேர்முகத் தேர்வுக்கும் தயார் ஆனேன். பாடம் முழுக்க இங்கிலீஷ். நான் தமிழ் மீடியம். பழைய புத்தகக் கடையில் முதல் வருடப் புத்தகம் ஒன்றை வாங்கி, ஒவ்வொரு வார்த்தைக்கும் மேலே பென்சிலால் தமிழ் எழுதினேன். சில பக்கங்களில் அச்சை விடப் பென்சில் அதிகம் இருக்கும். காலையில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பேன்.

"மனச்சோர்வின் அறிகுறிகள். தூக்கம் வராது, அல்லது தூங்கிக்கொண்டே இருப்பார்கள். பசி எடுக்காது. குளிப்பது, தலை வாருவது போன்ற சின்ன வேலைகள்கூட மலையாகத் தெரியும். தான் எதற்கும் லாயக்கில்லை என்று நினைப்பார்கள்."

அம்மாவின் கை நின்றது. நான் படிக்கிற அழகைக் கேட்டு நின்றது என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் குரலை உயர்த்தி, இங்கிலீஷிலும் ஒருமுறை சொல்லிக் காட்டினேன்.

"இதெல்லாம் படிச்சா, ஒருத்தரு மூஞ்சியப் பாத்தே சொல்லிடலாமா?" என்று கேட்டாள்.

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்படியெல்லாம் முடியாது, மணிக்கணக்கில் பேசினாலும் சில சமயம் தெரியாது என்று அந்த மேடமே என்னிடம் சொல்லியிருந்தார். ஆனால் அன்றைக்கு எனக்கு ஜம்பம். ஊரெல்லாம் கேட்டுக் கேட்டுக் கேலி செய்த கேள்வியை அம்மா முதன்முறையாக மரியாதையோடு கேட்கிறாள். விடுவேனா.

"பின்ன? பாத்தவொடனே கண்டுபுடிச்சிடலாம். யாரும் எங்ககிட்ட மறைக்க முடியாது."

அம்மா கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். பாதிக் கீரை ஆயாமல் தரையில் கிடந்தது. அதையும் நான் கவனித்தேன். கவனித்து, இன்றைக்கு மீன் வாங்கப் போகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். மனசைப் படிக்கக் கிளம்பிய லட்சணம் அது.

டிப்ளமோ பாஸ் செய்துவிட்டேன். சான்றிதழ்கள் வாங்கப் போனால் முதல்வர் மேடம் தர மறுத்துவிட்டார். கெட்டவர் இல்லை. இரண்டு புடவையை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு அந்த நான்கு அறையைக் காப்பாற்றி வந்தவர்.

"அப்பாயின்ட்மெண்ட் லெட்டர் கொண்டாம்மா. யாரு வேலையில சேந்தாலும் அதோட காப்பிய வச்சுக்கிட்டுத்தான் சர்டிபிகேட், டி.சி. எல்லாம் குடுப்போம்."

"நான் மேல படிக்கப் போறேன் மேடம்."

"படி, யாரு வேணாங்குறா. ஆனா எத்தன பேரு வேலைக்குப் போனாங்கன்னு மேல கேக்குறாங்க. எத்தன பேரு மேற்கொண்டு படிக்கப் போனாங்கன்னு கேக்க அந்த ஃபாரத்துல ஒரு கட்டம்கூட கெடையாது. நான் எங்க போயி எழுதுறது? ஏதாவது ஒரு எடத்துல லெட்டர் வாங்கிட்டு வா. எல்லாரும் அப்படித்தான் கொண்டாறாங்க."

உண்மைதான், எல்லோரும் அப்படித்தான். என் வகுப்பில் பாதிப் பேர் சித்தப்பாவின் மருந்துக்கடையிலும் அத்தை வீட்டுக்காரரின் கிளினிக்கிலும் காகிதத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். வாசலில் எழுதியிருந்த உத்தரவாதம் இப்படித்தான் வருடா வருடம் நிறைவேறிக்கொண்டிருந்தது. எங்களில் யாருக்கும் அது தப்பாகவே படவில்லை. லெட்டர்தானே, ஒரு சீல்தானே என்பதுதான் எங்கள் எல்லோருடைய புத்தியும்.

என் தாய்மாமா பெரம்பலூரில் ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கிறார். அம்மாவுக்குத் தம்பி. அம்மா மாதம் ஒருமுறை தம்பியைப் பார்க்க என்று பெரம்பலூர் போய், பாடாலூர் சின்ன வெங்காயம் ஒரு பையோடு திரும்பி வருவாள். அம்மா பிறந்த ஊர் பாடாலூர் என்பதால் அந்த வெங்காயம்தான் வெங்காயம் என்பது அவள் கட்சி. மாமாவிடம் போய் நின்றேன். இரண்டே நிமிடம். லெட்டர்பேடில் டைப் அடித்து, மேசை டிராயரிலிருந்து சீலை எடுத்துக் குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். "லேப் உதவியாளராகப் பணியில் சேர்ந்துள்ளார்" என்று இருந்தது. ஒரு டீயும் வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார். அந்த இரண்டு நிமிடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே வேலைக்கு அவருக்கு மூன்று நாள் ஆயிற்று.

எல்லாச் சான்றிதழும் கைக்கு வந்தது. டி.சி.யில் விலகும் காரணம் என்ற இடத்தில் "பணியில் சேர்ந்தமை" என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்தேன். அதில் ஒரு வில்லங்கம் இருக்கும் என்று படவில்லை.

திருச்சிக் காலேஜில் நேர்முகத் தேர்வு ஒரு செவ்வாய்க்கிழமை. அந்த ஒரு சீட்டுக்கு ஏழு பேர் வந்திருந்தோம். மற்ற ஆறு பேரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டதும், பென்சில் தமிழ் நிறைந்த என் புத்தகத்தைப் பைக்குள் தள்ளிவிட்டேன். உள்ளே மூன்று பேராசிரியைகள். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டார்கள். மனப்பாடம் செய்து வைத்திருந்த இங்கிலீஷ் பதில் சுத்தமாக மறந்துபோயிற்று. தமிழில் புதன்கிழமை வரிசையைப் பற்றிச் சொன்னேன். சொந்த ஊரில் யாரும் மாத்திரை வாங்குவதில்லை என்பதைச் சொன்னேன். வெயிலில்லாத நாளின் முந்தானையைச் சொன்னேன், கல்யாணப் பத்திரிகையைச் சொன்னேன். நடுவில் இருந்த பேராசிரியை பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். கடைசியில் அவர்தான் கேட்டார்.

"உங்க குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி இருந்திருக்கா? கட்டாயம் இல்ல, விருப்பம் இருந்தா சொல்லலாம்."

"எங்க வீட்டுல அப்படி யாரும் இல்லைங்க மேடம்" என்றேன், தலையை நிமிர்த்திக்கொண்டு.

மதியம் பட்டியலை ஒட்டினார்கள். என் பெயர் இருந்தது. அந்த வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண், கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன்.

அதற்குப் பிறகு ஆபீஸ். அங்கிருந்த குமாஸ்தா என் டி.சி.யைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"வேலையில இருக்கீங்களாம்மா?"

"இல்ல சார், அது சும்மா..."

"சும்மாவா? பணியில் சேர்ந்தமைன்னு போட்டிருக்கே. வேலையில இருக்கிறவங்கள ரெகுலர்ல சேக்க முடியாது. ரிலீவிங் லெட்டர் கொண்டாங்க, ஒரிஜினல். வெள்ளிக்கிழம நாலு மணி வரைக்கும் சீட்ட வச்சிருப்போம். அதுக்கு மேல அடுத்த ஆளக் கூப்பிட்டுருவோம்."

சேராத வேலையிலிருந்து என்னை விடுவித்ததாக ஒரு கடிதம். சிரிப்புதான் வந்தது. இரண்டு நிமிட வேலை என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். லால்குடி, புள்ளம்பாடி எல்லாம் அன்றைக்கு அழகான ஊர்களாகத் தெரிந்தன. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். சீட் கிடைத்ததையும், மாமாவிடம் கடிதம் வாங்க வேண்டியதையும், வெள்ளிக்கிழமை நாலு மணியையும், ஒன்று விடாமல். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் "நல்லது பாப்பா" என்றாள். கொஞ்ச நாளாகவே அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

புதன்கிழமை பெரம்பலூர் போனேன். மாமா லேப்பில் இருந்தார். சீல் ஆடிட்டர் ஆபீஸில் மாட்டிக்கொண்டது என்றார். "நாளைக்கு வா பாப்பா, தந்துர்றேன்." வியாழக்கிழமை போனேன். மாமா இல்லை. பாடாலூரில் ஒரு துக்கம், போயிருக்கிறார் என்று லேப்பில் இருந்த பெண் சொன்னாள். போன் அடித்தேன், எடுக்கவில்லை. மாலை வரை அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ரத்தம் கொடுக்க வந்தவர்களெல்லாம் நானும் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மாமா இருந்தார். இதோ, இதோ என்றார். கம்ப்யூட்டர் கோளாறு என்றார். சரியாயிற்று. பேப்பர் தீர்ந்துவிட்டது என்றார், நானே ஓடிப்போய் வாங்கி வந்தேன். சாப்பிடு என்றார். வேண்டாம் என்றேன். வயிறு காய்ந்து போகக் கூடாது என்று பார்சல் வரவழைத்து முன்னால் வைத்தார். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. அவர் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டே முக்கால் மணிக்கு டைப் அடித்து, டிராயரைத் திறந்து சீலை எடுத்தார். அதே டிராயர். அந்தச் சீல் எந்த ஆடிட்டர் ஆபீஸுக்கும் போயிருக்கவில்லை என்பது அப்போதே தெரிந்தது. மாமாவுக்கு மறதி, பொறுப்பில்லை என்று திட்டிக்கொண்டே ஓடினேன்.

பெரம்பலூரிலிருந்து திருச்சிக்கு எப்படிப் போனாலும் ஒன்றேகால் மணி நேரம். பஸ் பாடாலூரில் நின்று வெங்காய மூட்டைகளை மேலே ஏற்றிக்கொண்டது. கண்டக்டரிடம் கெஞ்சினேன். "என்னம்மா பண்ணச் சொல்ற, அவங்களும்தான் டிக்கெட் வாங்கியிருக்காங்க" என்றார். பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்துக் காலேஜ் வாசலில் நிற்கும்போது நாலே முக்கால்.

"நாலேகால் வரைக்கும் பாத்தோம்மா" என்றார் குமாஸ்தா. அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "அடுத்த பொண்ணு காலையிலேர்ந்து வெளியிலயே ஒக்காந்திருந்துச்சு. ஃபீஸ் கட்டிட்டுப் போயிடுச்சு."

அன்று வீட்டுக்குப் போனபோது அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். கிடைத்ததா என்று கேட்கவில்லை. "சாப்புடுறியா" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி விடுபட்டதைக் கவனிக்கக்கூட எனக்குப் பத்து நாள் பிடித்தது.

பத்தாவது நாள் பெரம்பலூர் போனேன், மாமாவோடு சண்டை போடவென்றே. அவர் ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். பஞ்சை வைத்து அழுத்தி அனுப்பும் வரை காத்திருந்தேன். பிறகு வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். என் வாழ்க்கையைக் கெடுத்தது நீங்கள்தான், ஒரு சீல் குத்த உங்களுக்கு மூன்று நாளா, உங்கள் பெண்ணாக இருந்தால் இப்படிச் செய்வீர்களா என்றெல்லாம் கேட்டேன். மாமா கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அவருக்கும் பொறுக்கவில்லை.

"என்னைய எதுக்குத் திட்டுற? ஒங்க அம்மாதான் போன் போட்டுச்சு. வெள்ளிக்கிழம வரைக்கும் இழுத்துடு தம்பின்னு அழுவுது. நான் என்ன செய்ய?"

"அம்மாவா? எதுக்கு?"

மாமா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மூணு வருஷமா இங்க பெரியாஸ்பத்திரில மாத்திர வாங்குது. மாசா மாசம் நான்தான் கூட்டிட்டுப் போறேன். ஒனக்கும் தெரியக் கூடாது, மச்சானுக்கும் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கு. அன்னைக்கி ரத்தசோகைன்னு சொன்னமே, ரத்தமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தானே டெஸ்ட் பண்ணேன்." கையுறையைக் கூடையில் போட்டார். "நீ அந்தப் படிப்புல சேந்தா மொத நாளே கண்டுபுடிச்சிடுவன்னு பயந்துருச்சு. எம்பொண்ணே சொல்லிடுச்சு தம்பி, மூஞ்சியப் பாத்தா தெரிஞ்சிடுமாம், அப்பறம் அது மூஞ்சில நான் எப்புடி முழிப்பேன்னு கேக்குது. நான் என்ன பதில் சொல்றது, நீயே சொல்லு."

அரியலூர்க்காரர்கள் பெரம்பலூருக்குப் பஸ் ஏறுகிறார்கள் என்று மூன்று பேராசிரியைகள் முன்னால் கதை அளந்தவள் நான். அந்தக் கதைக்குத்தான் எனக்குச் சீட் கொடுத்தார்கள். மாதா மாதம் அதே பஸ்ஸில் போய், தம்பியைப் பார்த்தேன் என்று வெங்காயப் பையோடு வந்து நின்றவள் என் கண்ணில் படவே இல்லை. அந்த வெங்காயத்தை நான்தான் உரித்தேன்.

வீட்டில் அம்மா இல்லாத நேரம் கால்சியம் பாட்டிலைத் திறந்து ஒன்றைக் கையில் கொட்டிப் பார்த்தேன். புதன்கிழமைகளில் மேசை மேல் பார்த்துப் பழகிய மாத்திரைதான். பெயர் எழுதிய அட்டையைப் பிரித்துத் தூரப் போட்டுவிட்டு, பெயரில்லாத வெள்ளை வில்லைகளை மட்டும் என் கண் முன்னாலேயே அலமாரியில் வைத்திருந்தாள். எனக்குப் பரிதாபம் வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வந்தது கோபம்தான். என் இரண்டு வருடம் நைட்டி மடித்தே போனது இவள் நோயால், இப்போது சீட்டும் இவள் பயத்தால் போனது என்று அந்த அலமாரி முன்னால் நின்று பல்லைக் கடித்தேன். பாட்டிலை மூடி இருந்த இடத்தில் வைத்தேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால், பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டேன் என்றுதான் ஆகும். என் ஜம்பத்தை நானே நிரூபித்த மாதிரி இருக்கும். அவளுக்கு ஒளிந்துகொள்ள வீட்டில் வேறு இடமும் இல்லை.

அந்தக் கோபம் முழுதாக இன்னும் போகவில்லை. அம்மா நோயாளி என்று தெரிந்தால் மகள் மனம் இளகிவிட வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். என் மனம் அப்படி இல்லை, என்ன செய்ய. அவள் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று தோன்றும். அடுத்த நிமிடம், அவள் கேட்கத்தான் செய்தாள், கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள் என்பது ஞாபகம் வரும். அப்போது கோபம் யார் மேல் என்று தெரியாமல் போய்விடும்.

சும்மா வீட்டில் இருக்க முடியாமல் மாமாவின் லேப்பிலேயே உதவியாளராகப் போய்ச் சேர்ந்தேன். பொய்யாக எழுதிய கடிதத்தில் என்ன வேலை இருந்ததோ அதே வேலை. தினமும் கீழப்பழுவூரிலிருந்து அரியலூர், அரியலூரிலிருந்து பெரம்பலூர். டியூபில் பெயர் ஒட்டுவேன், ரிசல்ட்டைக் கவரில் போடுவேன். மாதத்தில் ஒருநாள் அம்மா வருவாள். மாமா வண்டியை எடுத்துக்கொண்டு அவளோடு வெளியே போவார். ஒரு மணி நேரம் கழித்து இருவரும் திரும்பி வருவார்கள். "சும்மா கடைத்தெருவுக்குப் போனோம்" என்பாள். நான் டியூபில் ஒட்டிக்கொண்டே "சரிம்மா" என்பேன். மாமா என்னைப் பார்ப்பார், நான் அவரைப் பார்க்க மாட்டேன்.

ஒரு வருடம் ஓடியது. திருச்சிக் காலேஜில் மறுபடியும் விண்ணப்பம் கொடுக்கிறார்கள் என்று தெரிந்து வாங்கி வந்தேன். அதே ஒரு சீட். விண்ணப்பத்தில் படிப்பு இடைவெளிக்கான காரணம் என்று ஒரு கோடு இருந்தது. பெரிய கோடு ஒன்றும் இல்லை, விரல் நீளம். அதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் லேப் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அம்மா உள்ளே வந்தாள். அன்று அவளுடைய நாள். பை காலியாக இருந்தது, இன்னும் மாமாவோடு கிளம்பவில்லை. விண்ணப்பத்தைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப்போட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். ஒரு வருடத்தில் முதல்முறையாக என் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"பாப்பா, என் மூஞ்சியப் பாத்தா ஒனக்கு என்ன தெரியுது?"

கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. உதடு காய்ந்திருந்தது. அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வாய் உலர்ந்து போகும் என்று நான் படித்திருக்கிறேன். கை முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தது. மாமா கதவருகே வண்டிச் சாவியோடு நின்றார்.

"ஒண்ணும் தெரியலம்மா" என்றேன். "வெயில்ல வந்தது களைப்பா இருக்க. வேறென்ன?"

"நெசமாவா? ஒரு வருஷம் டிப்ளமோ படிச்சியே."

"அதெல்லாம் பாத்துக் கண்டுபுடிக்க முடியாதும்மா. அன்னைக்கி ஒங்கிட்ட சும்மா பீத்திக்கிட்டேன். டாக்டருக்கே தெரியாது. எதிர ஆளு வாயத் தொறந்து சொன்னாத்தான் உண்டு."

அம்மா விண்ணப்பத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு தம்பி பக்கம் திரும்பினாள்.

"தம்பி, அது வேலையிலேர்ந்து நின்னுடுச்சுன்னு ஒரு லெட்டரு கேப்பாங்களே, அதக் குடுத்துரு. நாளைக்கி, நாளான்னைக்கின்னு இழுக்காத. இப்பயே குடு."

மாமா டிராயரைத் திறந்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அம்மா எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று, சீல் சரியாக விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். இந்தச் சீட் இந்த முறை கிடைக்குமா என்று தெரியாது. போன வருடம் ஆறு பேரை முந்துவதற்கு எனக்குக் கைகொடுத்த அந்த பஸ் கதையை இனி நான் யார் முன்னாலும் சொல்லப்போவதில்லை. கோட்டின் மேல் "குடும்பக் காரணம்" என்று எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தேன். அம்மா கடிதத்தை என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகம் தெளிந்திருந்தது, மூன்று நான்கு வருடமாக நான் பார்க்காத தெளிவு. அதைப் பார்த்ததாக நான் காட்டிக்கொள்ளவில்லை.